ஊவா மலையில் இளம் பைனஸுக்கு உரம்: ஒரே சரிவில் மூன்று குறைகள்

பைனஸ் என்ற ஊசியிலை மரத்துக்கு உரம் போட வேண்டும் என்று இலங்கை மலைநாட்டில் யாரிடம் சொன்னாலும் ஆச்சரியமாகத்தான் பார்ப்பார்கள். மேல் மகாவலி நீரேந்துப் பகுதியிலும் ஹந்தானையிலும் பதுளை, பண்டாரவளைப் பக்கத்து மொட்டை மலைகளிலும் 1970களிலும் 80களிலும் நட்ட பைனஸ் காடுகள் இன்று நெடுநெடுவென்று நிற்கின்றன. அவற்றுக்கு யாரும் மூட்டை சுமந்துபோய் உரம் வைத்ததை எங்கள் பக்கத்தில் பார்த்தவர்கள் இல்லை. "அது எங்க வச்சாலும் வந்துடும்" என்பதுதான் பேச்சு.

அப்படி நம்பி நட்ட ஒரு தோட்டத்துச் சரிவில் கன்றுகள் எழும்பாமல் நின்றன. பிறகு பதறிப்போய் உரம் போட்டார்கள். நிலைமை இன்னும் மோசமானது. அங்கே என்ன நடந்தது, எதைப் பார்த்து எதைப் புரிந்துகொண்டோம், என்ன செய்தோம், எது பலித்தது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே நிலை வேறு தோட்டங்களிலும் உண்டு. ஒரு தோட்டத்தை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமில்லை. காட்டுக் கன்று நடுகைக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். அதனால் எனக்கு இதில் உறுதியான கருத்து ஒன்று உண்டு. இளம் பைனஸுக்கு உரம் தேவைப்படும் இடங்கள் நம் மலையில் நிறைய இருக்கின்றன. ஆனால் புல்லையும் வேரையும் பார்க்காமல் போடுகிற உரம் காசைக் கரைப்பதோடு நிற்காது, தீயையும் கூப்பிட்டு வரும்.

மலையும் மண்ணும்

இடம் பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் நடுவில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில். முன்பு தேயிலை மலை. விளைச்சல் விழுந்து கைவிட்ட பிறகு மானாப்புல் ஏறிவிட்டது. மேற்கு ஓரத்தில் பழைய பைனஸ் காடு நிற்கிறது. சரிவின் அடியில் ஒரு ஓடை, அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். லயத்துப் பீலியில் விழும் தண்ணீர் இந்தச் சரிவின் ஊற்றுத் தண்ணீர்தான்.

இந்த ஊவா மாகாணத்தில் மழைக்காலம் ஐப்பசியில் தொடங்கித் தை வரை போகும். சித்திரையில் இன்னொரு மழை கிடைக்கும். ஆனியிலிருந்து ஆவணி வரை, ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, இங்கே மலை தாண்டி வருவது காய்ந்த காற்று மட்டும். ஆடிக் காற்றில் புல் சருகாகிவிடும். பதுளை மாவட்டத்தில் ஒவ்வொரு வருடமும் பத்தனைப் புல்வெளிகளிலும் பைனஸ் காடுகளிலும் தீ பிடிப்பது இந்தக் காலத்தில்தான். எங்கள் சரிவிலும் ஓர் ஆடியில் மானாப்புல் முழுக்க எரிந்தது. எரிந்த இடத்தைச் சும்மா விட்டால் மறுபடியும் புல் வந்து மறுபடியும் எரியும் என்று, வரும் ஐப்பசி மழைக்குக் கரிபியன் பைனஸ் நடத் தோட்ட நிர்வாகம் முடிவெடுத்தது. பின்னாளில் பிசின் எடுக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது.

மண் சிவப்பு மஞ்சள் பொட்சொலிக் வகை, நல்ல அமிலம். பல வருடத் தேயிலையும் மண்ணரிப்பும் மேல்மண்ணை ஏறக்குறைய துடைத்துவிட்டிருந்தன. இந்த வகை மண்ணில் இரும்பும் அலுமினியமும் நிறைய. பொஸ்பேட் எவ்வளவு வந்தாலும் அவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் இருக்கும், வேருக்கு எட்டாது. இதோடு தீயின் கணக்கையும் சேர்க்க வேண்டும். புல் எரியும்போது அதிலிருந்த நைதரசனில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. பொஸ்பரசும் பொற்றாசியமும் சாம்பலில் தங்கும். ஆனால் சரிவான நிலத்தில் முதல் பெருமழை அந்தச் சாம்பலை ஓடைக்குக் கொண்டுபோய்விடும்.

வளர்ந்த பைனஸ் காட்டுக்கு உரமில்லாமலே ஓடுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிளைகள் ஒன்றோடொன்று முட்டி நிழல் மூடிய பிறகு, மரம் தன் ஊசியிலையை உதிர்த்து, அது மக்கி, அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. பழைய ஊசியிலை விழுவதற்கு முன்பே அதிலுள்ள சத்தைப் புதுத் தளிருக்கு இழுத்தும் கொள்கிறது. நட்டுச் சில வருடம் வரை கன்றுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. சின்ன வேர், மக்கு இல்லாத மண், சுற்றிலும் புல். வெளியிலிருந்து சத்துக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும் காலமும் அதுதான்.

சித்திரையில் போட்ட உரம்

ஐப்பசியில் நட்ட கன்றுகள் மார்கழி வரை பரவாயில்லாமல் இருந்தன. மாசி, பங்குனியில் பாதிக்கு மேல் வெளிறின. வளர்ச்சியே இல்லை. தோட்டத்தில் அப்போது சித்திரை மழைக்குத் தேயிலைக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே கலவையை, அதே ஆட்கள், அதே கைவீச்சில் பைனஸ் கன்றுகளைச் சுற்றித் தூவிவிட்டார்கள். இதற்குப் பின்னால் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கன்று மஞ்சளாக இருக்கிறது, உரம் கையில் இருக்கிறது, மழையும் வருகிறது, போடுவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தேயிலைக் கலவை என்பது இலை பறிப்பதற்கான கலவை. மாதம் முழுக்கக் கொழுந்து கிள்ளுகிற செடிக்கு நைதரசன் அதிகம் வேண்டும். அதனால் கலவையில் யூரியாதான் தூக்கல். அதை மேலாகத் தூவினால் முதலில் எடுத்துக்கொள்வது எது? மண்ணின் மேல்தோலில் பாய் விரித்ததுபோல் வேர் பரப்பி வைத்திருக்கும் மானாப்புல். தீயில் மேல்பாகம் எரிந்தாலும் புல்லின் தூர் சாகவில்லை. சித்திரை மழையில் கலவையும் கிடைத்ததும் வைகாசிக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. கன்றுகள் உள்ளே மறைந்துபோயின.

என்னைக் கூப்பிட்டது ஆனியில். அன்று சரிவில் ஏறியபோது கன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கூட வந்த மூத்த தொழிலாளி அக்கா ஒருவர் அரிவாளால் புல்லை விலக்கி விலக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். நட்ட நாளிலும் அவர் அங்கே இருந்தவர். ஓரிடத்தில் நின்று சொன்னார்: "ஐயா, இந்த வரிசையில இருந்து அந்தக் கல்லு வரைக்கும் நம்ம தவறணைக் கன்னு. அதுக்கு மேல லொறியில வந்தது. லொறிக் கன்னு தாங்கிருச்சு. நம்ம கன்னு பொறந்த மேனிக்கே நிக்குது."

தவறணை என்றால் கன்று வளர்க்கும் நாற்றங்கால். அவர் சொன்னது இந்த ஆய்வையே திருப்பிவிட்டது. அதுவரை எல்லாக் கன்றும் ஒரே இடத்துக் கன்று என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. விசாரித்தால், வெளித் தவறணையிலிருந்து வாங்கிய கன்று போதாமல், மிச்சத்தைத் தோட்டத்துத் தேயிலைத் தவறணையிலேயே விதை போட்டு எடுத்திருக்கிறார்கள்.

வேரைக் கழுவிப் பார்த்தபோது

இரண்டு பக்கமும் கன்றுகளை மண்ணோடு பெயர்த்து, ஓடையருகே ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினோம். தேய்க்கக் கூடாது, மண் தானாக ஊறிக் கரைய வேண்டும். லொறியில் வந்த கன்றின் மெல்லிய வேர்களில் குட்டிக் குட்டியாகக் கவட்டைகள் தெரிந்தன. ஒவ்வொரு நுனியும் இரண்டாகப் பிரிந்து, தடித்து, மழுங்கி, வெள்ளையும் இளம்பழுப்புமாக, சில இடங்களில் பவளப்பூச்சிக் கூட்டம்போல் கொத்தாக. மண்ணை உதறிய இடத்தில் வெள்ளை நூல் ஓடியிருந்தது. தவறணைக் கன்றின் வேர் நீளமாக, மெலிசாக, மொட்டையாக இருந்தது. கவட்டை ஒன்றுகூட இல்லை. வெறும் கண்ணாலேயே தெரிகிற வித்தியாசம் இது. பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

அந்தக் கவட்டைகள் வேர்ப்பங்கசு என்ற பூஞ்சை குடியிருக்கும் இடங்கள். பைனஸ் தன் வேரால் மட்டும் பொஸ்பேட்டைத் தேடிப் பிழைக்கிற மரம் இல்லை. பங்கசு வேர்நுனியை உறைபோல மூடி, அங்கிருந்து மயிரிழை நூல்களை மண்ணுக்குள் தூரமாக அனுப்பி, பொஸ்பேட்டையும் நீரையும் கொண்டுவந்து மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. நம் நாட்டில் எந்தப் பைனஸும் இயற்கையாக இல்லை. கரிபியன் பைனஸ் மத்திய அமெரிக்கா, கியூபா, பகாமாஸ் பக்கத்து மரம். ஆகவே அதற்கேற்ற பங்கசும் நம் மண்ணில் இயல்பாகக் கிடையாது. பைனஸ் இல்லாத ஊர்களுக்கு முதன்முதலில் கொண்டுபோனபோது பல இடங்களில் இதே கதைதான். புவேர்ட்டோ ரிக்கோ தீவில் கன்றுகள் திரும்பத் திரும்பத் தோற்றன. 1950களில் அமெரிக்காவின் பைனஸ் காட்டு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் பிடித்தன. அதனால்தான் அனுபவமுள்ள பைனஸ் தவறணைகளில் பழைய பைனஸ் அடிமண்ணைப் பொலித்தீன் பைக் கலவையில் சேர்ப்பார்கள். வெளியிலிருந்து வாங்கிய கன்றுகளுக்கு அது கிடைத்திருக்கிறது.

தேயிலைத் தவறணையிலோ முறையே வேறு. வேர்ப்புழுத் தொல்லை வராமலிருக்க அடிமண்ணாகப் பார்த்து எடுத்து, சலித்து, மருந்தும் போட்டுச் சுத்தமாக்குவார்கள். தேயிலைக்கு அது சரி. பைனஸுக்கு அந்தச் சுத்தமே பாதகம். பைக்குள் கரையும் உரம் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் பங்கசு இல்லாத குறை வெளியே தெரியாது. நட்டு, கையிருப்புத் தீர்ந்ததும் தெரியும். இன்னொன்றும் உண்டு: தவறணையில் நைதரசனும் பொஸ்பேட்டும் மிதமிஞ்சிப் போனால், பங்கசு இருந்தாலும்கூட வேரில் சரியாகக் குடியேறாது.

இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க அந்த மலையிலேயே ஒரு சான்று இருந்தது. மேற்கு ஓரத்தில், பழைய பைனஸ் காட்டுக்கு ஒட்டினாற்போல் நட்டிருந்த தவறணைக் கன்றுகள் மட்டும் பச்சையாக இருந்தன. அதே விதை, அதே பை, அதே உரம். பக்கத்து மரங்களின் வேரிலிருந்தும் காற்றில் வரும் வித்துகளிலிருந்தும் அவற்றுக்குப் பங்கசு தானாகக் கிடைத்திருக்கிறது. அவற்றின் வேரை அலசினோம், கவட்டைகள் இருந்தன.

நிறம் என்ன சொல்லியது

ஊசியிலையைப் பார்த்துக் குறை சொல்வது லேசான காரியமில்லை, ஆனால் பழகலாம். முழுக் கன்றும் சீராக வெளிறி, ஊசிகள் குட்டையாக இருந்தால் நைதரசன் குறை என்று நினைக்கலாம். பொஸ்பரசுக் குறையில் பச்சை மங்கி, சின்னக் கன்றில் ஊதா கலந்த செம்மை தெரியும். கீழ் ஊசிகளில் முதலில் வரும். மக்னீசியம் குறைந்தால் ஊசியின் நுனி மட்டும் பொன்மஞ்சளாகும். ஆய்வுகூடத்துக்கு ஊசி அனுப்ப வசதி இருந்தால் சந்தேகம் தீரும். உலர் எடையில் பொஸ்பரசு 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பைனஸுக்குக் குறை என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் தவறணைக் கன்றுகளில் ஊதா தெளிவாக இருந்தது. லொறிக் கன்றுகளில் ஊதா இல்லை, வெளிறல் மட்டும். புல்லின் நெருக்கத்தால் வந்த வெளிறல். இரண்டையும் ஒரே மஞ்சள் என்று பார்த்து ஒரே உரத்தைப் போட்டிருந்தார்கள்.

முகட்டில் வேறு கோளாறு

ஆடி நடுவில் மறுபடியும் போனபோது முகட்டு வரிசைகளில் புதிதாக ஒன்று தெரிந்தது. நன்றாக இருந்த லொறிக் கன்றுகளிலேயே நடுக்குருத்து கருகி வளைந்திருந்தது. நுனிக்குக் கொஞ்சம் கீழே பிசின் துளித்துளியாகக் கசிந்து வெள்ளையாக உறைந்திருந்தது. குருத்துச் செத்ததும் பக்கத்து மொட்டுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, கன்று தலைவிரிகோலமாகப் புதராகிக்கொண்டிருந்தது. புழு குடைந்ததோ என்று குருத்தைப் பிளந்து பார்த்தோம். ஓட்டை இல்லை, உள்ளே நடுச்சோறு மட்டும் பழுப்பு.

இது போரன் என்ற நுண்சத்துக் குறையின் முகம். கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பைனஸ், யூகலிப்டஸ் தோட்டங்களில் இது நெடுநாளாகத் தெரிந்த தொல்லை. போரன் மண்ணின் மக்கோடு இருப்பது, நீரோடு வேருக்கு வருவது. மேல்மண் அரித்துப்போன முகட்டில் மக்கு இல்லை. ஆடியில் நீரும் இல்லை. செடிக்குள்ளும் அது பழைய இலையிலிருந்து குருத்துக்கு எளிதில் நகராது. அதனால் வறண்ட மாதத்தில் குருத்துத்தான் முதலில் பலியாகும். நைதரசன் கொடுத்து வளர்ச்சியைத் துரத்தினால் குறை இன்னும் சீக்கிரம் வெளிப்படும். சித்திரையில் போட்ட கலவை முகட்டில் புல் அடர்த்தி குறைந்த இடங்களில் கன்றுக்கே கிடைத்திருக்கிறது. அங்கேதான் கருகலும் அதிகம்.

ஆக ஒரே சரிவில் மூன்று குறை. நடுப்பகுதியில் வேர்ப்பங்கசு இல்லை, அதனால் பொஸ்பரசும் இல்லை. மேல்பாதியில் புல். முகட்டில் போரன். எல்லாவற்றுக்கும் போட்ட மருந்து ஒரே யூரியாக் கலவை.

ஆடி முதல் கார்த்திகை வரை செய்தவை

ஆடியில் உரம் எதையும் தொடவில்லை. காய்ந்த மண்ணில் போட்டுப் பயனில்லை. முதல் வேலை புல். கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்துக்கு அரிவாளால் தரையோடு அறுத்தோம். மம்பட்டியால் கொத்தி வட்டம் போடுவது வேகமான வேலைதான், ஆனால் இந்தச் சரிவில் அப்படிச் செய்தால் மண் இளகி மழையில் ஓடும். பைனஸின் மேல்வேரும் அறுபடும். அறுத்த புல்லைக் கன்றின் அடியில் போடாமல், வரிசைகளுக்கு நடுவில், சரிவுக்குக் குறுக்கே சமக்கோட்டில் படுக்க வைத்தோம். அடியில் போட்டால் ஈரம் நிற்கும் என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான், ஆனால் ஒரு பொறி விழுந்தால் கன்றோடு போய்விடும். ஊவாவில் ஆடி மாதத்தில் அந்த ஆபத்தை எடுக்க எனக்கு மனமில்லை. சரிவின் மேலும் பக்கத்திலும் தீத்தடுப்புப் பாதையை அகலமாக வெட்டிச் சுத்தம் செய்தார்கள்.

இரண்டாவது, பழைய பைனஸ் மண். ஐப்பசி மழை பிடித்து நிலம் நன்றாக நனைந்த பிறகு, மேற்கு ஓரத்துக் காட்டில் நோயில்லாத மரங்களாகப் பார்த்து, மேலே கிடக்கும் காய்ந்த ஊசியை ஒதுக்கிவிட்டு, அதற்கடியில் உள்ள கறுத்த மண்ணை விரல் ஆழத்துக்கு மட்டும் சுரண்டி எடுத்தோம். ஒரே மரத்தடியில் நிறையத் தோண்டக் கூடாது. ஈரச்சாக்கில் மூடி, வெயில் படாமல், எடுத்த அன்றே பயன்படுத்த வேண்டும், காயவிட்டால் வீண். தவறணைக் கன்றுகளின் பக்கவாட்டில் மண் குத்தும் முள்ளுக் கருவியால் குத்தித் திறந்து, வேரைத் தொடும்படி இரண்டு கைப்பிடி வைத்து மிதித்து மூடினார்கள். செத்துப்போன இடங்களுக்குப் புதுக் கன்று வைத்தபோதும் குழியில் இதே மண் விழுந்தது.

மூன்றாவதாகத்தான் உரம். கார்த்திகையில், மழை நிதானமான பிறகு, கன்றுக்கு 50 கிராம் டிஎஸ்பி, அதாவது ட்ரிபிள் சூப்பர் பொஸ்பேட். அந்த 50 கிராமில் எவ்வளவு பொஸ்பரசு இருக்கிறது என்று பலர் கணக்குப் பார்ப்பதில்லை. டிஎஸ்பி மூட்டையில் 46 சதவீதம் என்று போட்டிருப்பது பொஸ்பரசு ஒக்சைட்டின் அளவு. தனிப் பொஸ்பரசாகப் பார்த்தால் ஏறக்குறைய 20 சதவீதம். அப்படியானால் ஒரு கன்றுக்குச் சுமார் 10 கிராம். மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் இடைவெளியில் ஒரு ஹெக்டேயருக்கு 1,111 கன்று. உரம் 55 கிலோ சொச்சம், பொஸ்பரசு 11 கிலோ. ஒரு ஹெக்டேயர் தேயிலைக்கு வருடத்தில் போகும் மூட்டைகளோடு பார்த்தால் இது சின்ன அளவு.

வைத்த விதமும் முக்கியம். பொஸ்பேட் இந்த மண்ணில் நகராது. போட்ட இடத்திலேயே கிடக்கும். மேலே தூவினால் புல்லுக்கும் மழைநீருக்கும்தான் லாபம். அதனால் கன்றின் மேல்சரிவுப் பக்கம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, முள்ளால் இரண்டு குத்து, உள்ளங்கை ஆழம், உரத்தை அதற்குள் இட்டு மூடி மிதிப்பது. தண்டை ஒட்டி வைத்தால் வேர் வெந்துவிடும். அளவுக்கு ஒரு டின் மூடியில் கோடு கிழித்துக் கொடுத்தோம். கைப்பிடி என்று சொன்னால் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு அளவு.

புதுக் கன்று வைத்த குழிகளில் டிஎஸ்பிக்குப் பதிலாக எப்பாவலப் பாறைப் பொஸ்பேட்டைக் குழிமண்ணோடு கலந்தோம். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் கிடைக்கும் அந்த அபற்றைட் கல்மாவு லேசில் கரையாது. நெல்லுக்கும் காய்கறிக்கும் அதனால் உதவாது. ஆனால் அமில மண்ணில், வருடக்கணக்கில் நிற்கும் பயிருக்கு, மெதுவாகக் கரைவது நல்லதே. பங்கசு உள்ள வேர் அதையும் கரைத்து எடுக்கும். உள்நாட்டுப் பொருள் என்பதால் கிடைப்பதும் நிச்சயம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு நவம்பரில் தடை நீங்கும் வரை தோட்டங்கள் பட்ட பாடும், பிறகு விலை ஏறிய ஏற்றமும் யாருக்கும் மறந்திருக்காது. மெதுவாக வளரும் காட்டு மரத்துக்கு எப்பாவலையை முதலில் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

முகட்டுக் கன்றுகளுக்கு மட்டும் கன்றுக்கு 10 கிராம் போரக்ஸ், தண்டிலிருந்து தள்ளி வட்டமாகத் தூவி. போரக்ஸில் போரன் 11 சதவீதம்தான், அதுவே போதும். இதில் தாராளம் காட்டக் கூடாது. போரனுக்குக் குறைவுக்கும் நஞ்சுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சின்னது. கூடினால் ஊசிநுனிகள் கருகும். அதனால் போரக்ஸ் வேலையைப் பொறுப்பான இருவரிடம் மட்டும் கொடுத்து, கொந்தரப்புக்கு (ஒப்பந்தக் கூலிக்கு) விடாமல் நாள் சம்பளத்தில் செய்யச் சொன்னோம்.

யூரியா யாருக்கும் இல்லை. ஓடையின் இரு கரையிலும் ஊற்றைச் சுற்றியும் எந்த உரமும் போடவில்லை. பைனஸும் அங்கே நடவில்லை. சித்திரைக் கலவையில் கொஞ்சமாவது பீலித் தண்ணீரில் இறங்கியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் லயத்துப் பிள்ளைகளுக்குப் பால் கரைக்கிறார்கள்.

ஒப்பிட விட்ட வரிசைகள்

எல்லாக் கன்றுக்கும் எல்லாவற்றையும் செய்துவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆகவே சரிவின் நடுவில் சில வரிசைகளை வேறுபடுத்தி விட்டோம். ஒன்றில் புல் மட்டும் அறுத்தது. ஒன்றில் புல்லும் பைனஸ் மண்ணும். ஒன்றில் புல், பைனஸ் மண், டிஎஸ்பி மூன்றும். ஒன்றில் புல் அறுத்து டிஎஸ்பி மட்டும், பைனஸ் மண் இல்லை. ஒரு வரிசையைத் தொடவே இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் செய்வதுபோல் பலமுறை திருப்பி வைத்துச் செய்த சோதனை இல்லை இது. ஒரு சரிவில் எங்கள் கண்ணுக்குக் கிடைத்த ஒப்பீடு.

தை வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தோட்டத்தில் கொஞ்சம் முணுமுணுப்பும் வந்தது. பங்குனியில் புது ஊசிகள் வந்தபோது நிறம் பிரிந்தது. மூன்றும் செய்த வரிசையில் புது ஊசிகள் கரும்பச்சை, நீளம். பழைய ஊதா ஊசிகள் அப்படியே கீழே இருக்க, மேலே வேறொரு செடி முளைத்ததுபோல் இருந்தது. பைனஸ் மண் மட்டும் போட்டதும் பச்சைக்குத் திரும்பியது, ஆனால் உயரம் குறைவு. புல் மட்டும் அறுத்த வரிசையில் லொறிக் கன்றுகள் தாமாகவே நிமிர்ந்துகொண்டன, அவற்றுக்கு வேறெதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. தவறணைக் கன்றுகள் லேசாக மட்டும் தேறின. டிஎஸ்பி மட்டும் போட்ட தவறணைக் கன்றுகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை. உரம் வேருக்குப் பக்கத்திலேயே இருந்தும் அவை சொல்லும்படியாக எழும்பவில்லை. தொடாத வரிசையைப் புல்லுக்குள்தான் தேட வேண்டும்.

அடுத்த ஆடியில் முகட்டுக்குப் போய்ப் பார்த்தோம். போரக்ஸ் கொடுத்த கன்றுகளில் புதுக்குருத்துப் பெரும்பாலும் தப்பியிருந்தது. முந்தின வருடம் புதரானவற்றில் ஒரு நல்ல கிளையை மட்டும் வைத்து மற்றதைக் கத்தரியால் நறுக்கியிருந்தோம். அவை நேராகப் போகத் தொடங்கியிருந்தன.

ஆனால் மூன்றும் செய்த வரிசையில், ஓடைக்கு மேலே மண் ஆழமான பள்ளத்தில், ஒன்றிரண்டு கன்றுகள் கிளையே விடாமல் ஒற்றைக் குச்சியாக உயர்ந்துகொண்டிருக்கின்றன. நரிவால் என்று சொல்லப்படும் வளர்ச்சி இது. வெப்பநாட்டில் கரிபியன் பைனஸுக்கு உள்ள பழக்கம், வளமான ஈர இடத்தில் கூடுதலாக வரும். பார்க்க உற்சாகமாக இருக்கும், காற்றுக்கு முறியும். அந்தப் பள்ளத்துக்கு உரமே வேண்டியிருந்திருக்காது. மண்ணாழம் கூடிய இடங்களை உரப்பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

பைனஸே வேண்டுமா என்ற கேள்வி

இதைப் படிக்கும் சிலருக்கு இந்தக் கேள்வி வரும், வர வேண்டும். பைனஸ் காடு ஊற்றை வற்ற வைக்கிறது, அடியில் எதையும் வளரவிடாது, தீக்கு இரை என்ற குற்றச்சாட்டுகள் மலைநாட்டில் பழையவை. முழுக்கப் பொய்யும் இல்லை. என் நிலைப்பாடு இது. மேல்மண் போய், வருடா வருடம் எரியும் மானாப்புல் சரிவில் நாட்டு மரக் கன்றை நேரடியாக வைத்தால் பெரும்பாலும் சாகிறது. பைனஸ் அங்கே முதலில் நின்று நிழல் கொடுத்துப் புல்லை அடக்கும். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் நட்டிருந்த கரிபியன் பைனஸ் காட்டில் சில வரிசைகளை வெட்டித் திறந்து, நடுவில் நாட்டு மரங்களை வளர்த்துப் பார்த்த ஆய்வுகள் பலன் தந்திருக்கின்றன. அப்படி ஒரு தாதிமரமாக வைப்பதென்றால் பைனஸை நான் ஆதரிப்பேன். அதற்கும் கன்று சீக்கிரம் நிழல் மூட வேண்டும். இளம் வயதில் சரியான சத்துக் கிடைக்காமல் ஐந்தாறு வருடம் குட்டையாகவே நிற்கும் பைனஸ் சரிவு, புல்லும் பைனஸும் சேர்ந்து எரியும் சரிவாகத்தான் இருக்கும். உரத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

இனிமேல்

தோட்டத் தவறணையில் பைனஸுக்குத் தனி மேடை போட்டாகிவிட்டது. மருந்து போட்ட மண் அந்தப் பக்கம் போகாது. பைக் கலவையில் பத்துக்கு ஒரு பங்கு பழைய பைனஸ் மண், உரம் மிகக் குறைவாக. நடுவதற்கு முன் ஒவ்வொரு தொகுதியிலும் சில கன்றுகளின் வேரை அலசி, கவட்டை தெரிந்தால்தான் மலைக்கு ஏற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம். அலசிப் பார்க்கும் வேலை, வரிசை காட்டிய அந்த அக்காவிடம்.

சரிவில் இப்போதைக்கு இரண்டாவது முறை உரம் இல்லை. வட்டப் புல்லறுப்பை மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை, சித்திரை மழைக்குப் பிறகு ஒன்றும் ஆனிக்கு முன்பு ஒன்றும், நிழல் மூடும் வரை தொடர்வார்கள். உரத்துக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் பெரும்பகுதி இந்தக் கூலிக்குப் போகிறது. முகட்டுக்கு மட்டும் மூன்றாம் வருடம் இன்னொரு முறை போரக்ஸ் தேவைப்படலாம். அதை ஆவணியில் குருத்தைப் பார்த்து முடிவு செய்வோம். ஊற்றைச் சுற்றியுள்ள பட்டியில் நாட்டு மரக் கன்றுகளை வரும் ஐப்பசியில் வைக்கிறார்கள்.